ஒரு கிலோ லேப்டாப்பை நம்பி ஊருக்குக் கிளம்பும் முன்

ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். எடையைக் குறைக்கக் கம்பெனிக்காரர்கள் எங்கெல்லாம் கை வைத்தார்களோ, கோளாறும் பெரும்பாலும் அங்கேதான் வரும். மூடியின் தடிமன், கீலைத் தாங்கும் உலோகம், பேட்டரிக்கு மேலும் கீழும் விடும் இடைவெளி, தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய சார்ஜிங் பின் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித்தான் அந்த ஒரு கிலோவுக்கு வருகிறார்கள். நல்ல வேளையாக இந்த இடங்கள் எதுவும் சொல்லாமல் கொள்ளாமல் கைவிடுவது குறைவு, பழுதாவதற்குப் பல வாரம் முன்பே ஏதாவது ஜாடை காட்டிவிடும். அதைப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கிளம்புகிற அன்று ராத்திரி பார்த்துப் பிரயோஜனமில்லை. மெல்லிய மாடல்களுக்கு ஒரிஜினல் பேட்டரி பெரும்பாலும் கடையில் ஸ்டாக் இருக்காது, ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும். அதனால் இரண்டு வாரம் முன்னதாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

பேட்டரியிலிருந்து ஆரம்பியுங்கள்

லேப்டாப்பை மூடி, கண்ணாடி மேசை மாதிரி சமமான இடத்தில் வைத்து, நான்கு மூலையிலும் ஒவ்வொன்றாக விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். முன்பு ஆடாமல் உட்கார்ந்த மெஷின் இப்போது ஆடுகிறதென்றால் அடிமூடியின் நடுப்பகுதி வெளியே தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கண் மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓரத்தைப் பாருங்கள், மேல் பாகமும் அடிமூடியும் சேருகிற கோடு ஒரே சீராக இருக்க வேண்டும், நடுவில் நகம் நுழைகிற அளவு இடைவெளி தெரியக் கூடாது. கடைசியாக டச்பேட். அதன் கீழ் ஓரத்தை அழுத்தினால் வழக்கமாக வரும் ‘டக்’ வராமல் கல் மாதிரி விறைப்பாக இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் மேலே எழும்பி நின்றாலோ, டச்பேட் மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். பேட்டரி இருப்பது உள்ளங்கை வைக்கும் இடத்துக்கு அடியில்தான். அது உப்பினால் முதலில் இடிபடுவது டச்பேட். தடிமனான பழைய லேப்டாப்பில் செல்லைச் சுற்றி பிளாஸ்டிக் கூடு இருக்கும், கொஞ்சம் உப்பினாலும் வெளியே தெரியாது. மெல்லிய மெஷினில் வெறும் அலுமினிய உறையில் போட்ட லித்தியம் பாலிமர் செல்லை நேராக உடம்புக்குள் ஒட்டிவிடுகிறார்கள், மில்லிமீட்டர் கணக்கில்தான் இடம் இருக்கிறது.

உப்பியிருந்தால் பேச்சே இல்லை. சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அமுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் லேப்டாப்பையே காட்டாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு விமானம் ஏறவும் கூடாது. சேதமான பேட்டரி, கம்பெனி திரும்பப் பெறச் சொன்ன பேட்டரி இரண்டுக்குமே விமானத்தில் இடமில்லை. 2015 செப்டம்பர் முதல் 2017 பிப்ரவரி வரை விற்ற 15 அங்குல மேக்புக் ப்ரோக்களில் சிலவற்றின் பேட்டரியை ஆப்பிள் 2019 ஜூனில் திரும்பப் பெற்றபோது, நம் ஊர் விமானப் போக்குவரத்து இயக்குநரகமே அந்த மாடலைப் பேட்டரி மாற்றாமல் கொண்டுவர வேண்டாம் என்று பயணிகளுக்குச் சொன்னது. எடை குறைந்த மெஷின் வரிசையிலேயே பெயர் பெற்ற லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஐந்தாம் தலைமுறைக்கும் 2018 தொடக்கத்தில் இதே கதி. அதில் பேட்டரியில் குறையே இல்லை, உள்ளே சரியாக முடுக்காமல் விட்ட ஒரு ஸ்க்ரூ கழன்று செல்லில் உரசினால் சூடாகித் தீப்பிடிக்கலாம் என்பதுதான் பயம். அமெரிக்காவில் மட்டும் சுமார் 78,000 மெஷின்கள். ஆகவே உங்கள் மாடலுக்கு அப்படி ஏதும் அறிவிப்பு இருக்கிறதா என்று சீரியல் நம்பரைப் போட்டுக் கம்பெனி தளத்தில் ஒருமுறை பாருங்கள், இரண்டு நிமிட வேலை. பையில் லேப்டாப்பை ஆட்டினால் உள்ளே ஏதோ உருள்கிற சத்தம் வந்தால், ஆன் செய்யாமல் முதலில் அடிமூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

உப்பவில்லை என்றால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ‘பவர்சிஎஃப்ஜி’ என்பதை ஆங்கிலத்தில் சேர்த்து எழுதி, ஓர் இடம் விட்டு, கேள்விக்குறி கீயில் இருக்கும் சாய்கோடு போட்டு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று ஒரே சொல்லாக ஒட்டி எழுதி என்டர் தட்டுங்கள். ஒரு ஃபைல் உருவாகி, அது எங்கே இருக்கிறது என்றும் காட்டும். பிரவுசரில் திறந்தால் மேலேயே இரண்டு எண் இருக்கும், புதிதில் இருந்த கொள்ளளவு ஒன்று, இன்று முழுதாக ஏறும் கொள்ளளவு இன்னொன்று. 57,000 இருந்தது 41,000 ஆகியிருந்தால் 72 சதவீதம். என் கணக்கில் 80-க்கு மேல் கவலை வேண்டாம், 65-க்குக் கீழே போனால் பயணத்துக்கு முன் மாற்றிவிடுவது நல்லது. எண்ணை விட முக்கியம், 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைகிறதா என்பது. அப்படி அணைந்தால் ரிப்போர்ட் என்ன சொன்னாலும் அந்த பேட்டரியை நம்ப முடியாது.

மாற்றும்போது ஒரு சின்ன கவனம்: ஒரிஜினலில் 57 வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் கணக்கு) என்று இருக்க, அதே அளவு, அதே தடிமனில் 70 வாட்-அவர் என்று அச்சடித்து வரும் டூப்ளிகேட்டை வாங்காதீர்கள். அந்த இடத்துக்குள் அவ்வளவு அடங்காது.

வாட்-அவர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் 100 வாட்-அவர் வரை பேட்டரி கொண்டுபோக யாரையும் கேட்க வேண்டாம், அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். எடை குறைந்த லேப்டாப் எதுவும் 100-ஐத் தாண்டாது. பவர் பேங்கில்தான் குழப்பம், அதில் மில்லி ஆம்பியர்-அவர் கணக்கு இருக்கும். அதை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-அவர். 20,000 என்று போட்டிருந்தால் 74, தாராளமாக எடுத்துப் போகலாம். ஆனால் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் பவர் பேங்க் போடக் கூடாது. கடைசி நேரத்தில் ‘மேலே இடமில்லை, கைப்பையைக் கீழே போடுகிறோம்’ என்று வாயிலில் வாங்கினால் பவர் பேங்கையும் லேப்டாப்பையும் வெளியே எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

பைக்குள் கொதிக்கிற லேப்டாப்

மூடியை மூடிப் பையில் வைக்கிறோம், இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் இட்லிப் பானை மாதிரி கொதிக்கிறது, சார்ஜும் காலி. மெல்லிய விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களில் பலருக்கு இது தெரிந்த கதை. பழைய லேப்டாப்கள் தூங்கினால் நிஜமாகவே தூங்கும். இப்போது வருகிறவை போன் மாதிரி அரைத் தூக்கத்தில் இருக்கும், மெயில் பார்ப்பதும் அப்டேட் இறக்குவதும் மூடிய பிறகும் நடக்கலாம். மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று பெயர். மேசையில் இருந்தால் பரவாயில்லை, காற்றே புகாத பைக்குள் ஃபேன் சுற்றி என்ன பயன்? பேட்டரிக்குச் சூட்டைப் போல எமன் கிடையாது. இப்படித் தினம் வெந்தால் சீக்கிரமே உப்பும்.

சரி, இதற்குச் செய்ய வேண்டியது எளிது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் என்ன ஆக வேண்டும் என்ற இடத்தில் ஸ்லீப்பை மாற்றி ஹைபர்னேட் வையுங்கள், திறந்திருந்த வேலையை டிஸ்கில் எழுதிவிட்டு மெஷின் முழுதாக அணைந்துவிடும். பட்டியலில் ஹைபர்னேட் இல்லையென்றால், கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அதே பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு, ஹைபர்னேட், இடம் விட்டு ஆன் என்று கொடுத்தால் வந்துவிடும். திறக்கும்போது சில நொடி கூடுதலாகும், அவ்வளவுதான். இன்னொன்று, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அப்புறம் மூடுங்கள். மூடிவிட்டுப் பிடுங்கினால் சில மெஷின்கள் இன்னும் கரண்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு வேலை பார்க்கும். லேப்டாப்பை வேறு வழியின்றிச் செக்-இன் பெட்டியில் போட வேண்டி வந்தால் ஸ்லீப்பும் வேண்டாம், ஹைபர்னேட்டும் வேண்டாம், ஷட்டவுன் செய்து போடுங்கள்.

கீலும் அதற்குள் ஓடும் கேபிளும்

கீல் உடைவது என்றால் இரும்பு முறிவது என்று நினைக்க வேண்டாம். கீல் கெட்டியாகத்தான் இருக்கும், அதை உடம்போடு பிடிக்கும் ஸ்க்ரூ இறங்கும் இடம்தான் விட்டுவிடும். பல மாடல்களில் பிளாஸ்டிக்குக்குள் சின்னப் பித்தளைக் குழலைப் பதித்து அதில்தான் ஸ்க்ரூவை முடுக்கியிருப்பார்கள். நாளாக நாளாகக் கீல் இறுகும், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தக் குழல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளாஸ்டிக்கிலிருந்து பிய்ந்துகொண்டு வரும். மூடியை மெதுவாகத் திறந்துகொண்டே கீல் பக்கத்து மூலையைப் பாருங்கள். திரையைச் சுற்றியிருக்கும் சட்டம் அங்கே லேசாக வாயைப் பிளந்து, மறுபடி மூடுகிறதென்றால் வேலை ஆரம்பித்துவிட்டது. இந்தக் கட்டத்தில் கொண்டுபோனால் கீலைத் தளர்த்திக் கொடுப்பார்கள், சின்னச் செலவு. விட்டுவிட்டால் மூடியோடு திரையும் சேர்ந்து போகும்.

ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், நடுவில் பிடித்துத் திறக்க வேண்டும். வழியில் கீல் கழன்றுவிட்டால் ஒரே கோணத்தில் திறந்து வைத்து வேலையை முடியுங்கள், திறந்து மூடித் திறந்து மூடிச் சோதிக்க வேண்டாம். அரால்டைட் வைத்து ஒட்டித் தருகிறேன் என்பார்கள். ஐந்தாறு வருஷப் பழைய மெஷினுக்குச் சரி, ஒரு வருஷம் ஓடினாலும் லாபம். வாரண்டி இருக்கும் மெஷினில் வேண்டவே வேண்டாம், பசை கீலுக்குள்ளோ கேபிளிலோ இறங்கிவிட்டால் அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது.

கீல் வழியாகத்தான் திரைக்குப் போகும் கேபிளும் ஓடுகிறது. திரை மினுக்கினால், அல்லது அடியில் மேடை விளக்கு போட்ட மாதிரி திட்டுத் திட்டாக வெளிச்சம் வந்தால், மூடியை மெல்ல அசைத்துப் பாருங்கள். குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் வருகிறதென்றால் கேபிள். எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி வந்தால், ஹோட்டல் அறை டிவியில் எச்டிஎம்ஐ போட்டுப் பாருங்கள். டிவியில் படம் சுத்தமாக வந்தால் பிரச்சினை திரைப் பக்கம், டிவியிலும் கோளாறு என்றால் மதர்போர்டு பக்கம். இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டுக் கடைக்குப் போனாலே அங்கே பேச்சு மாறும். 2016-இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் இந்தக் கேபிள் திறந்து மூடும்போதெல்லாம் உரசி உரசித் தேய்ந்தது, ஆப்பிள் 2019-இல் இலவசமாகச் சரிசெய்து கொடுக்க வேண்டி வந்தது. 2018 மாடலில் கேபிளை 2 மில்லிமீட்டர் நீளமாக்கியிருந்தார்கள். அவ்வளவு சின்ன இடைவெளியில்தான் இந்த மெஷின்களின் ஆயுள் இருக்கிறது.

மூடி மெல்லிசு என்பதால் பைக்குள்ளும் கவனம் தேவை. சார்ஜர் கட்டியை லேப்டாப்பை ஒட்டி வைக்காதீர்கள், டிபன் பாக்ஸையும்தான். பையை முதுகில் மாட்டும்போது மூடிப் பக்கம் முதுகைப் பார்த்து இருக்கட்டும். கேமராவை மறைக்க ஒட்டும் அந்தச் சின்னத் தள்ளு மூடி இருக்கிறதே, மெல்லிய மெஷினில் அதை ஒட்டிக்கொண்டு அப்படியே மூடினால் கண்ணாடி விரிசல் விடும். 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது, அதாவது ஒரு தாள் கனம். ஒரு துண்டு காகித டேப் போதும்.

சார்ஜ் ஏறவில்லை என்றால்

யூஎஸ்பி-சி வந்த பிறகு சார்ஜுக்கும் மானிட்டருக்கும் பென் டிரைவுக்கும் ஒரே ஓட்டை. அது போனால் எல்லாமே போச்சு. ஆனால் போர்ட் செத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் கேபிளை மாற்றுங்கள், பெரும்பாலும் குற்றவாளி அதுதான். இரண்டாவது, இன்னொரு போர்ட் இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். மூன்றாவது, சார்ஜரின் வாட். 65 வாட் கேட்கும் மெஷினுக்கு போன் சார்ஜரைச் செருகினால் மிக மெதுவாக ஏறும், அல்லது கண்டுகொள்ளவே கொள்ளாது. நான்காவது, மெஷினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் போர்ட்டுக்குள் பாருங்கள், பையிலும் சட்டைப் பையிலும் இருக்கும் பஞ்சு அங்கே அடைத்துக்கொண்டு கேபிளை முழுதாக உள்ளே இறங்க விடாது. மரப் பல்குச்சியால் ஓரத்தை மட்டும் மெல்ல வழித்தெடுங்கள். ஊசி, சேஃப்டி பின் கூடாது, நடுவில் நிற்கும் நாக்கு உடைந்தால் கதை முடிந்தது.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒரு நிமிடம் அமுக்கிப் பிடித்து விடுங்கள். சில மாடல்களில் அடிமூடியில் சின்ன ரீசெட் துளை இருக்கும், அதில் கிளிப் கம்பியை நுழைத்து அமுக்கலாம். பக்கத்தில் இருக்கும் மைக்ரோபோன் துளையில் குத்திவிடாதீர்கள், மாடலின் மேனுவலைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஃபர்ம்வேரையும், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் மென்பொருளையும், அப்டேட் செய்து வையுங்கள், ஊருக்குப் போகும் முன்பே, வழியில் வேண்டாம். 2017-ஐ ஒட்டி வந்த சில திங்க்பேட்களில் தண்டர்போல்ட் (யூஎஸ்பி-சி ஓட்டை வழியாகவே ஓடும் வேகமான இணைப்பு) ஃபர்ம்வேர் கோளாறால் யூஎஸ்பி-சி போர்ட்டே செயலிழந்தது, லெனோவோ அவசர அப்டேட் கொடுத்தது. முன்னாடியே அப்டேட் போட்டவர்கள் தப்பித்தார்கள்.

ரயில் பெர்த்தில் படுத்தபடி, கேபிள் தொடையில் இடிக்க வேலை பார்ப்பதுதான் போர்ட்டைத் தளர்த்தும் முக்கியமான காரியம். எல் வடிவ முனையுள்ள கேபிள் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி ரயிலை நம்பிச் சார்ஜ் இல்லாமல் ஏற வேண்டாம், பல ரயில்களில் 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சார்ஜிங் பாயின்ட்டை அணைத்துவிடுவார்கள்.

இனி இரண்டு பின் பிளக் சமாச்சாரம். சார்ஜ் போட்டிருக்கும்போது அலுமினிய உடம்பில் மணிக்கட்டு பட்டால் ‘விர்’ரென்று கூச்சம் எடுக்கிறதா? டச்பேடில் அம்புக்குறி தானாகத் துள்ளுகிறதா? சார்ஜரைப் பிடுங்கியதும் இரண்டும் நின்றுவிடுகிறதா? அப்படியானால் லேப்டாப்பில் ஒன்றுமில்லை. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்த சின்ன கெப்பாசிட்டர் வழியாக மிகக் கொஞ்சம் மின்சாரம் கசியும், எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போகும், இல்லையென்றால் உங்கள் கை வழியாகப் போகப் பார்க்கும். மூன்று பின் வயரை, எர்த் சரியாக உள்ள சாக்கெட்டில் போட்டால் சரியாகிவிடும். வெளிநாடு போகும்போது வாங்கும் மலிவான கன்வெர்ட்டர்கள் பலவும் மூன்றாவது பின்னை அப்படியே துண்டித்துவிடுகின்றன, பார்த்து வாங்குங்கள். ‘விர்’ என்பதைத் தாண்டி நன்றாகவே ஷாக் அடித்தால் சார்ஜர் மோசம் அல்லது அந்த லாட்ஜின் வயரிங் மோசம். பிடுங்கிவிடுங்கள், யோசிக்க வேண்டாம்.

கீபோர்டு, ஈரம், இத்யாதி

மெல்லிய கீபோர்டு தூசிக்குப் பயப்படும். ஆப்பிளின் பட்டர்ஃபிளை கீபோர்டு 2015-இல் வந்து, புழுதி புகுந்து எழுத்து விழாமலும் இரண்டிரண்டாக விழுந்தும் பாடாய்ப்படுத்தி, 2020-இல் ஒழிந்தது. பல மாடல்களில் கீபோர்டு மேல் பாகத்தோடு சேர்த்தே அடித்திருக்கும், ஒரு கீ போனாலும் மொத்தமாக மாற்றச் சொல்வார்கள். தண்ணீரோ காபியோ கொட்டினால் உடனே பவர் பட்டனை அமுக்கி அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கூரை மாதிரிக் கவிழ்த்து வையுங்கள். வேலை செய்கிறதா என்று ஆன் பண்ணிப் பார்ப்பதுதான் போர்டைக் கொல்லும். அரிசி டப்பாவில் போட்டால் அரிசிதான் வீணாகும்.

ஏசி கோச்சிலிருந்து ராமேஸ்வரத்திலோ கன்னியாகுமரியிலோ இறங்கினால் மூக்குக் கண்ணாடி பனிக்கும் இல்லையா, லேப்டாப்புக்கு உள்ளேயும் அதேதான். அரைமணி நேரம் பையைத் திறக்காதீர்கள்.

டேட்டா விஷயம் தனியாகச் சொல்லத் தேவையில்லை, கிளம்பும் முன் பேக்கப் எடுங்கள். ஆனால் பலரும் மறப்பது பிட்லாக்கர், விண்டோஸ் டிஸ்குக்குப் போடும் பூட்டு. பல புதிய விண்டோஸ் 11 மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், போர்டை மாற்றினால், சில சமயம் ஃபர்ம்வேர் அப்டேட் போட்டால்கூட, 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அது இருக்கும், இப்போதே எடுத்துக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு

800 கிராம், 900 கிராம் என்று விளம்பரம் பார்த்து மயங்க வேண்டாம், 1.2 அல்லது 1.3 கிலோவில் கீலும் மூடியும் ஒரு படி கெட்டியாகக் கிடைத்தால் அதை எடுங்கள், அந்த 300 கிராமைச் சார்ஜரில் குறைத்துக்கொள்ளலாம். ராணுவத் தர ஸ்டிக்கருக்கு அதிகம் மதிப்புக் கொடுக்காதீர்கள், அந்த மில்-எஸ்டிடி-810-இல் நிறையச் சோதனைகள் உண்டு, எதைச் செய்வது என்று கம்பெனியே தேர்ந்தெடுக்கிறது. கடையில் மூடியின் இரு மூலையையும் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள், திரையில் அலை ஓடினால் வைத்துவிடுங்கள். சார்ஜிங் போர்ட் இரண்டு பக்கமும் இருக்கட்டும். போர்ட் தனிச் சின்ன போர்டில் இருக்கிறதா, மதர்போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறதா என்று சர்வீஸ் மேனுவலில் தெரியும். லெனோவோ, டெல், எச்பி எல்லாரும் அதை இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். லேப்டாப்புக்கு மூன்று வருஷ வாரண்டி என்றாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம்தான், அது வெளிநாட்டில் செல்லுமா என்பதையும் பில் போடும் முன் கேளுங்கள்.

வழியில் எங்காவது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ வேறு ஊர்க் கடையோ, மதர்போர்டிலேயே கை வைக்கும் சிப் லெவல் சர்வீஸுக்குக் கொடுக்க நேர்ந்தால், கொடுக்கும் முன் ரேம் அளவையும் எஸ்எஸ்டி சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து வையுங்கள். திரும்ப வாங்கும்போது சரிசெய்த பாகத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். வைஃபை சிக்னல் முன்பு போல இருக்கிறதா, இல்லையென்றால் ஆன்டெனா வயரைத் திரும்ப மாட்டாமல் மூடியிருப்பார்கள். கேமரா, ஸ்பீக்கர், எல்லா போர்ட்டும், கீபோர்டு விளக்கும் வேலை செய்கிறதா என்று அங்கேயே போட்டுப் பாருங்கள். கவிழ்த்து ஸ்க்ரூக்களை எண்ணுங்கள், ஒன்று குறைந்தால் ‘அது தேவையில்லை சார்’ என்பார்கள். போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.